ஏத்த வேணாம், அவர் ஓடுறார்!

1

எங்கள் ஊரில் வளர்ந்த மனிதன் ஒருவன் றோட்டில் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, யாரோ மௌத்தாகிவிட்ட, அதாவது இறந்துவிட்ட, செய்தியைச் சொல்லப் போகிறான். மற்றது, எங்கோ தீப்பிடித்துவிட்டது. மூன்றாவதாகவும் ஒரு காரணம் உண்டு என்பதை நுரைச்சோலைப் பக்கத்துச் சனங்களுக்கு அறிமுகப்படுத்திய பெருமை என்னையே சேரும். அதற்காக எனக்குக் கிடைத்தது பதக்கம் அல்ல, செருப்படி.

இதை இப்போது எழுதக் காரணம் நேற்று வேலைத்தலத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம். நான் ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறவன். புதிதாக வேலைக்கு வந்த பிலிப்பீன்ஸ்காரர் ஒருவர் என் கையிலிருந்த ஓட்டக்காரர்களின் மணிக்கூட்டைக் கண்டுவிட்டு, "நீங்களும் ஓடுவீர்களா? அரை மரதன் எங்கே ஓடினீர்கள்?" என்று கேட்டார்.

"கற்பிட்டி றோட்டில்."

"பெரிய போட்டியா? எத்தனை பேர் ஓடினார்கள்?"

"நான் மட்டும்தான்."

"அப்படியானால் முதலாம் இடம்!" என்றார் அவர், வலு மரியாதையாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாவுக் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்று சிரித்தேன். பஸ்ஸிலும் சிரித்தேன், பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து போய் வேறு இடத்தில் இருந்துகொண்டாள். இனி எழுதித் தீர்த்தால்தான் சரிவரும்.

2

நான் ஓடத் தொடங்கியது சீனி வருத்தத்தால். டொக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன். ஒரு சனிக்கிழமை எங்கள் தெருமுனையில் நடந்துகொண்டிருந்தபோது என் மகள் ஹனா பின்னாலிருந்து ஓடி வந்து என்னைக் கடந்தாள். பாடசாலை ஓட்டக் குழுவில் இருக்கிறவள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "வாப்பா, இது நடையில்ல. நீங்க ஊருறீங்க," என்றாள்.

ரோசம் வந்து ஓடினேன். இரண்டு மின்கம்பத்துக்கு மேல் முடியவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அவள் கதவைத் தட்டி எழுப்பினாள்.

பிள்ளைகள் இங்கே எப்படி விலகிப் போகிறார்கள் என்று எழுதாத புலம்பெயர்ந்தவன் இல்லை. நானும் அந்த ஒப்பாரியைச் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். பதினாலு வயதில் அவள் அறைக்கதவு மூடியது. அதன் பிறகு நான் எதைக் கேட்டாலும் பதில் ஒரே சொல். "சாப்பிட்டியா?" "ஓம்." "பாடசாலை எப்படி?" "ஓகே." இரண்டு காதிலும் எதையோ செருகிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள்.

அப்படிப்பட்டவள் ஓடும்போது கதைத்தாள்! சிநேகிதியோடு சண்டை, கணக்கு வாத்தியாரின் மூக்கு, தான் படிக்க விரும்புவது, விரும்பாதது எல்லாம் மழை மாதிரிக் கொட்டும். ஏன் வீட்டில் கதைக்காதவள் றோட்டில் கதைக்கிறாள் என்று பல நாள் யோசித்தேன். பிறகுதான் பிடிபட்டது. மூச்சு வாங்குகிற தகப்பனால் புத்தி சொல்ல முடியாது. அவள் சொல்வதையெல்லாம் "ஹா... ஹா..." என்று கேட்டுக்கொண்டு பின்னால் போக மட்டுமே முடியும். நல்ல தகப்பனாவதற்கு நுரையீரல் பலவீனமாயிருப்பது பெரிய உதவி.

அந்த வருடம் செப்டெம்பரில் அவள் வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். அதற்கு முன் ஏரிக்கரையில் நடக்கும் அரை மரதனில் இருவரும் சேர்ந்து ஓடுவதென்று பெயர் கொடுத்தோம். இருபத்தொரு கிலோமீற்றரும் கொஞ்சமும். அது முடிந்தால் சனிக்கிழமைகளும் முடிந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரிலிருந்து தங்கச்சி பஸ்மியா அழைத்தாள். அவளுடைய மகளுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை, பத்து நாள் லீவுதான். கல்யாண நாள் எங்கள் ஓட்டத்துக்கு அடுத்த நாள்.

ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதி, அடுத்த வருடத்துக்கு மாற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். எலும்பு முறிவு, கர்ப்பம் இரண்டுக்கு மட்டுமே மாற்றலாம் என்று பதில் வந்தது. இரண்டும் எனக்கு வாய்க்கவில்லை. தங்கச்சியின் மகள் எங்கள் வழக்கத்தில் என் மகளுக்குச் சமம் என்று விளக்கி இன்னொரு கடிதம் போட்டேன். "வாழ்த்துகள்" என்று மட்டும் பதில் வந்தது.

ஹனாவிடம் சொன்னேன். "போங்க. உங்களுக்கு எப்பவும் அங்கதான் பெரிசு," என்று கதவைச் சாத்தினாள். மனம் உடைந்து சமையலறையில் இருந்தேன். அரை மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது.

"அங்க ஓடுங்க," என்றாள்.

"என்ன?"

"நான் இங்க ஓடுற அதே நேரத்தில நீங்க அங்க ஓடுங்க. முழுத் தூரமும். முடிச்சீங்கண்டா அடுத்த வருசம் நானும் வாறன். உங்கட அந்த றோட்டில உங்களோட ஓடுறன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினொரு வயதில் ஒரே ஒரு தரம் அவளை ஊருக்குக் கூட்டிப் போயிருந்தேன். நுளம்புக் கடியும் வயிற்றோட்டமும் அவளைப் பங்குபோட்டுக்கொண்டன. இனி இங்கே வரவே மாட்டேன் என்று திரும்பும்போது விமானத்தில் வைத்தே சொல்லிவிட்டாள். சொன்னதைக் காப்பாற்றியும் வந்தாள். அவளே இப்போது வாயால் "வாறன்" என்கிறாள்.

"ஒரு கண்டிசன்," என்று கைத்தொலைபேசியை நீட்டினாள். ஒருவர் எங்கே ஓடுகிறார் என்பதை மற்றவர் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாகப் பார்க்கலாமாம். "வாகனத்தில ஏறக்கூடாது. ஏறினா புள்ளி பறக்கும். எனக்குத் தெரிஞ்சிரும்."

"நான் ஏன் ஏறப் போறன்?" என்றேன். எங்கள் ஊர்க்காரரை மறந்துபோய்ச் சொன்ன வார்த்தை அது.

3

ரொறொன்ரோவில் காலை ஏழரை என்றால் எங்களூரில் மாலை ஐந்து மணி. தங்கச்சி வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல் போட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் கதிரைகள் வந்து இறங்கியிருந்தன. கேட்டுக்கு மேலே மின்குமிழ் வளைவு ஒன்று பச்சையும் சிவப்புமாக எரிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் சப்பாத்தைக் கட்டினேன்.

"நானா, விசரா உங்களுக்கு?" என்றாள் பஸ்மியா. அண்ணனை நாங்கள் நானா என்போம். "மாப்பிள்ள வீட்டாக்கள் கண்டா என்ன நினைப்பாங்க?"

"உடம்புக்கு நல்லது."

"உடம்புக்கு நல்லதெண்டா வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்க ஆள் காணாது, வாங்க!"

அவளுடைய புருசன் நியாஸ் மச்சான் வெங்காய வியாபாரி. தொந்தி முன்னே வர அவர் பின்னே வருகிற மனிதர். "நீ ஓடு மச்சான், நான் தண்ணிப் போத்தலோட பின்னால வாறன்," என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஓடும்போது அழைப்பு எதுவும் வராதபடி ஹனா என் தொலைபேசியை ஏற்கெனவே அமைத்துத் தந்திருந்தாள். அதை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு கற்பிட்டிப் பக்கம் பார்த்து ஓடினேன்.

அல்ஹம்துலில்லாஹ், அந்த முதல் பாதியை என்னவென்று சொல்வேன்! சோழகக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றாலைகளின் பெரிய காற்றாடிகள் எனக்காகவே சுற்றின. கால் நிலத்தில் படவில்லை. நான் இவ்வளவு நல்ல ஓட்டக்காரன் என்பது எனக்கே அன்றுதான் தெரியவந்தது.

ஒரே உபத்திரவம், நடந்து போகிறவனை ஏற்றாமல் போவது எங்கள் பக்கத்தில் மரியாதைக்கேடு. ஓடிப் போகிறவனை ஏற்றாமல் போவது பாவம். முதலில் ஒரு ஓட்டோ நின்றது. "ஏறுங்க நானா, என்ன அவசரம்?" அடுத்தது மீன் ஏற்றும் லொறி. அதற்கடுத்தது உழவு இயந்திரம். ஒரு சிங்கள பஸ் கொண்டக்டர் வாசலில் தொங்கியபடி கையை நீட்டி, "நகின்ன மஹத்தயா, நகின்ன!" என்று ஏறச் சொல்லி என்னைத் தூக்கி ஏற்றவே பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக விலகி ஓடினேன். தெரிந்த ஒருவர் வேனை நிறுத்தி, நான் மறுத்ததும் முகம் கறுத்துப் போனார். "கனடா போனாப் பிறகு எங்கட வாகனத்தில ஏறக் கூச்சமோ?" என்று கேட்டார். நின்று விளக்கினால் நேரம் போகும், விளக்காவிட்டால் உறவு போகும். மச்சானைக் கையால் காட்டிவிட்டு ஓடினேன். அவர் நின்று என்ன விளக்கம் சொன்னாரோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

ஓரிடத்தில் நாலைந்து கழுதைகள் றோட்டைக் குறுக்கறுத்து வந்து, என்னைப் பார்த்துவிட்டு என்னோடு சேர்ந்து ஓடத் தொடங்கின. மச்சான் பின்னாலிருந்து கத்தினார்:

"கவனம் மச்சான், கழுதைய எண்ணி லொறியில ஏத்துறவன் உன்னையும் சேத்து எண்ணிருவான்!"

4

பாதித் தூரம் முடியவும் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. றோட்டோரப் பள்ளிவாசலுக்குள் நுழைந்து கை கால் முகம் கழுவி வுளூ செய்து தொழுதேன். ஸுஜூதில் நெற்றி நிலத்தில் பட்டபோது அங்கேயே படுத்துவிடலாம் போலிருந்தது. எழும்பும்போது இரண்டு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

தொழுகை முடிய நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்கேரிந்து வாறீங்க?"

"நுரைச்சோலை."

"எதில வந்தீங்க?"

"ஓடி."

நாலு பேரும் குனிந்து என் காலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் மெதுவாக, "யாருக்கும் ஏதுமா?" என்று கேட்டார். இல்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலிருந்தே அந்தப் பதில் எடுபடவில்லை என்று விளங்கியது. துக்கத்தை வெளியே சொல்லமுடியாமல் தவிக்கிறான், பாவம் என்று நினைத்துவிட்டார்கள். தேத்தண்ணி வந்தது. வேனும் வந்தது. வேனின் கதவு திறந்து காத்திருக்க, நான் மற்ற வாசலால் செருப்புகளைத் தாண்டி என் சப்பாத்தை எடுத்துக்கொண்டு தப்பினேன்.

மச்சான் வெளியே நின்று பக்கத்துக் கடையில் வாங்கிய வடையைத் தின்றுகொண்டிருந்தார்.

5

திரும்பிய அந்த நிமிடமே என் கெட்டித்தனமெல்லாம் வெளுத்தது. இவ்வளவு நேரமும் ஓடியது நானல்ல, காற்று. இப்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. வாயைத் திறந்தால் மணல். தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கியின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. தங்கச்சி வீடு அதற்குக் கிட்ட. எவ்வளவு ஓடினாலும் அந்த விளக்கு கிட்ட வரவேயில்லை.

ஒரு மதகுக் கட்டில் குந்தினேன். காலில் உயிர் இல்லை. மச்சான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்தார்.

"காணும் மச்சான். ஏறு. நாளைக்குக் கல்யாணம்."

பின் இருக்கை எனக்கு முன்னால் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இருக்கையைப் போல அழகான ஒரு பொருளை நான் அதுவரை கண்டதில்லை. கையையும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த மதகு எனக்கு அடையாளம் தெரிந்தது. தொண்ணூறில், யுத்தத்தில் இயக்கம் முஸ்லிம்களான எங்களையெல்லாம் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது, வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கி இந்த றோட்டால்தான் நடந்தோம். எனக்குப் பதினாலு வயது. உம்மா களைத்து இருந்தது இப்படியொரு மதகில், இதுவேயாகவும் இருக்கலாம். அன்று பின்னால் திரும்பிப் பார்க்கப் பயந்து ஓடிய சனம் நாங்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் யாரும் சும்மா ஆசைக்கு ஓடி நான் பார்த்ததில்லை. இந்த றோட்டில் என் மகள் சிரித்துக் கதைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஓடவேண்டும் என்று அந்த இடத்தில் எனக்கு வந்த ஆசை, அந்த இருக்கையின் மேலிருந்த ஆசையை விடப் பெரியதாக இருந்தது.

கையை எடுத்துவிட்டேன். மச்சானிடம் அவ்வளவு நேரமும் சொல்லாத பந்தயத்தைச் சொன்னேன். ஏறினால் புள்ளி பறக்கும், மகள் வரமாட்டாள்.

மச்சான் தண்ணிப் போத்தலைத் திரும்ப வைத்தார். பிறகு இருக்கையை டக்கென்று கையால் மூடிக்கொண்டார்.

"இத முதல்லயே சொல்றதில்லையா? இனி நீ கெஞ்சினாலும் ஏத்தமாட்டன். சாகிறதெண்டாலும் ஓடியே சாவு!"

அதோடு விடவில்லை. எனக்கு முன்னால் போய், விளக்கை எரியவிட்டு, ஹோர்னை அடித்துக்கொண்டு, எதிரே வருகிற வாகனத்துக்கெல்லாம் அபாய அறிவிப்பு மாதிரிக் கத்தத் தொடங்கினார்: "ஏத்த வேணாம்! அவர் ஓடுறார்! ஒருத்தரும் ஏத்த வேணாம்!"

இவ்வளவு காலமும் பெரிய மனிதர்களுக்கு முன்னால்தான் இப்படி வாகனம் போய்க் கண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டு ஓடினால் வலி தெரியாது என்பது இந்த உலகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் எவரும் சொல்லித் தராத இரகசியம்.

6

இதற்கிடையில் வீட்டில் நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

மஃரிப் தொழுத பள்ளியிலிருந்து யாரோ எங்களூருக்கு அழைத்து, "உங்கட கனடாக்காரர் றோட்டால ஓடுறார், ஏதும் மௌத்தா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் இன்னொருவரைக் கேட்க, அவர் மற்றவரைக் கேட்க, இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கேள்வி செய்தியாகிவிட்டது. கனடாக்காரர் மௌத்து. என் தொலைபேசியோ சத்தமில்லாமல் கிடந்தது. மச்சானுக்குக் காற்றிலும் தன் ஹோர்னிலும் வேறு எதுவும் கேட்கவில்லை. தங்கச்சி அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துவிட்டாள்.

இஷா முடிந்து ஜமாஅத் முழுவதும் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் கதிரை தேடவேண்டி இருக்கவில்லை, எல்லாம் நாளைய கல்யாணத்துக்காகப் போட்டபடி இருந்தன. வட்டிலப்ப வாசத்துக்கு நடுவே ஆண்கள் தலையைக் குனிந்து இருந்தார்கள். பச்சை சிவப்பு விளக்கை அணைப்பதா விடுவதா என்று ஒரு வாக்குவாதம் நடந்திருக்கிறது. பள்ளியிலிருந்து ஜனாஸாவைக் கிடத்தித் தூக்கும் சந்தூக்கு எடுத்துவரவும் ஆள் புறப்பட்டாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் மச்சானின் ஹோர்னும் அதன் பின்னால் ஜனாஸாவும் கேட்டுக்குள் ஓடி வந்தன.

பஸ்மியா எழும்பி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். உயிரோடு இருந்த குற்றத்துக்காக அடி வாங்கியவன் எங்களூரில் நான் ஒருவன்தான்.

"நில்லுங்க நானா! நில்லுங்க சொல்றன்!"

நிற்கமுடியாது. மணிக்கூட்டைப் பார்த்தால் தூரம் இன்னும் கொஞ்சம் பாக்கி! கதிரைகளுக்கிடையே புகுந்து பந்தலைச் சுற்றி ஓடினேன். தங்கச்சி செருப்போடு பின்னால் ஓடினாள். மணப்பெண் மருதோன்றிக் கையை உயர்த்திப் பிடித்தபடி, "விடுங்க உம்மா, மாமா முடிக்கட்டும்!" என்று அவளுக்குப் பின்னால் ஓடினாள். மச்சான் ஒரு கதிரையில் ஏறி நின்று பந்தயத்தை ஜமாஅத்துக்கு விளக்கினார். துக்கம் விசாரிக்க வந்த சனம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பிக் கைதட்டத் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் மணிக்கூடு அதிர்ந்தது. நான் அப்படியே மணலில் விழுந்தேன். செருப்பும் முதுகில் விழுந்தது, ஆனால் அதில் பலம் இல்லை. பஸ்மியா அழுதுகொண்டே சிரித்தாள்.

படுத்தபடியே ஹனாவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"முடிச்சிட்டன் மகள்!"

"தெரியும். பாத்துக்கொண்டுதான் இருந்தன். கடைசில ஏன் வட்டமா ஓடினீங்க?"

"அது பெரிய கதை. நீ ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சியா?" ஆறு மாதமாக அவள் பயிற்சி எடுத்தது அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான்.

"இல்ல. கூடிப் போச்சு."

"ஏன்? கால் நொந்ததா?"

"இல்ல வாப்பா, நான் நிண்டன்." என்றாள். "உங்கட புள்ளி நிண்டிச்சு. முதல்ல பயந்துட்டன். பிறகு அங்கத்த நேரத்தப் பாத்தன். மஃரிப். தொழுறீங்கண்டு விளங்கிச்சு. நீங்க நிக்க நான் ஓடினா அது சேந்து ஓடுறது இல்லதானே? அதால நீங்க வெளிக்கிடுற வரைக்கும் நானும் றோட்டோரத்தில நிண்டன்."

தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"எல்லாரும் வந்து சுகமில்லையா எண்டு கேட்டாங்க. வண்டியும் கொண்டுவந்துட்டாங்க, ஏறு ஏறு எண்டு ஒரே கரைச்சல். நான் ஏறல்ல, வாப்பா."

அந்த மணலில் கிடந்தபடி நான் குழந்தைப் பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதேன். சந்தோசம் அவ்வளவு கனமாக இருக்குமென்று எனக்குத் தெரியாது.

செய்தியின் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பிந்தி வந்த ஒரு மனிதர் கேட்டுக்குள் நுழைந்து, நான் அழுவதைப் பார்த்ததும் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு மச்சானின் காதில் கேட்டார்.

"யாரு மௌத்து?"

"ஒருத்தருமில்ல," என்றார் மச்சான். "அடுத்த வருசம் இவர்ட மகள் வாறாவாம். அவவும் ஓடத்தான் வாறா. இப்பவே எல்லாருக்கும் சொல்லி வைங்க, அவவையும் ஒருத்தரும் ஏத்த வேணாம்."